வந்து வந்து போகும் குளிர்

கார் ஏசி அடியோடு நின்றுவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை சுலபம். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, நடுவழியில் அனலடித்து, ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல் சில்லென்று வீசுவதுதான் தொல்லை. இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு: "கேஸ் குறைஞ்சிருக்கு." உடனே நம்பிவிடாதீர்கள். மூடிய குழாய்களில் சுற்றும் ஆர்-134ஏ வாயு கசிந்தால் குளிர்ச்சி நாளுக்கு நாள் மங்கும்; மிகவும் குறைந்தால் கம்ப்ரஸர் சில நொடிகளுக்கொரு முறை 'டக் டக்' என்று ஓடி ஓடி நிற்கும். போன வாயு சாயங்காலம் திரும்பி வராது.

எப்போது போகிறது, எப்படித் திரும்புகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலில் நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் முன்பக்கக் கண்டென்ஸரின் ஃபேனைப் பாருங்கள். நெடுஞ்சாலையில் வெகுநேரம் போனபின் ப்ளோயர் சத்தம் மாறாமல் காற்று மட்டும் குறைந்தால், கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கிறது. அதைத் தடுக்கவேண்டிய தெர்மிஸ்டர் மேல்தான் முதல் சந்தேகம். ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் ஓடவிட்டால் பனி உருகி, வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும்.

அதிகம் ஏமாற்றுவது கம்ப்ரஸர் கிளட்ச். பெல்ட் புல்லியை எப்போதும் சுழற்றும். கிளட்சின் சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தமானால்தான் முன்தகடு புல்லியோடு ஒட்டிக் கம்ப்ரஸரை ஓட்டும். நடுவே இருக்கும் சந்து ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். தேயத் தேய அது அகலும். செம்புச் சுருள் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் அதன் மின்தடை கால்பங்குக்கு மேல் கூடும். மின்னோட்டம் குறைந்து காந்தம் சோர்ந்துவிடும். காலையில் ஒட்டிய தகடு மதியம் ஒட்டாது. ஆறியதும் மறுபடி ஒட்டும்! குளிர் போன அந்த நேரத்தில் சுருளின் ஒயரில் மீட்டர் வைக்கவேண்டும். 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும் தகடு சுற்றவில்லை என்றால் கோளாறு கிளட்சில். மின்சாரமே வரவில்லை என்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், ஒயரிங்.

காற்று முழு வேகத்தில் வந்தும் விட்டுவிட்டுச் சூடானால் இன்னொரு சாத்தியம், உள்ளே புகுந்த ஈரம். எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளையில் அது உறைந்து அடைக்கும், பிறகு உருகி வழிவிடும். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க வாக்குவம் போடாமல் அவசரமாக கேஸ் ஏற்றுகிற இடங்கள் இந்தக் கோளாறைத் தாமே உண்டாக்குகின்றன. அப்போது பழைய வாயுவை முழுக்க எடுத்து, ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றி, வாக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, பானட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு எடைபோட்டு நிரப்பச் சொல்லுங்கள்.