அறுவடை நாள் என்னும் காலநிலைச் சான்று: பர்கண்டித் திராட்சையும் புதுக்கோட்டைக் கண்மாய் நெல்லும்

முன்னுரை

ஒயின் புட்டியில் அச்சிடப்படும் ஆண்டு, அதன் வயதை மட்டுமன்றித் திராட்சை விளைந்த பருவத்தின் வெயிலையும் மழையையும் குறிக்கின்றது. விளைச்சல் ஆண்டுகளை ஒப்பிட்டுக் காலநிலையை அறியும் இம்முறை, புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய்ப் பாசன ஆய்வுக்கு எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

பர்கண்டிச் சான்றுகள்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள போன் நகரத் தேவாலயக் கூலிக் கணக்குகளையும் நகர்மன்றக் குறிப்புகளையும் பிற பதிவுகளையும் கொண்டு, தாமஸ் லபே குழுவினர் 1354 முதல் 2018 வரையிலான திராட்சை அறுவடை நாள்களைத் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். 1987 வரை சராசரி அறுவடை நாள் செப்டம்பர் 28. 1988 முதல் அது சுமார் 13 நாள்கள் முந்தியுள்ளது. வெப்பம் மிகும்போது பழம் விரைந்து முதிர்ந்து, சர்க்கரை கூடி, அமிலம் குறைகின்றது.

எனினும் அறுவடை நாள் உணர்த்தும் பொருள் மாறாதது அன்று. முற்காலத்தில் மிக முந்திய அறுவடைக்குப் பெரும்பாலும் வறட்சி துணைநின்றது; 1981க்குப் பின் வறட்சியின்றியே அறுவடை முந்துகின்றது என்பதைக் குக், வோல்கோவிச் ஆகியோர் 2016இல் நிறுவினர். அண்மை ஆண்டுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. 2021இல் முன்னரே துளிர்த்த கொடிகளை ஏப்ரல் உறைபனி கருக்கியது; 2022இல் வறட்சியும் கடும்வெயிலும் அறுவடையை முந்தச் செய்தன.

புதுக்கோட்டைச் சூழல்

இம்முறையை இங்கு அப்படியே பயன்படுத்துவதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, கண்மாய்ப் பாசன நெல் வடகிழக்குப் பருவமழையைச் சார்ந்தது. எனவே அறுவடை தள்ளிப்போவது வெப்பத்தைவிட நீரின் வருகையையே முதன்மையாகக் காட்டும். இரண்டாவது, பர்கண்டியில் பினோ நுவார் என்னும் இரகம் நெடுங்காலமாக நிலைத்துள்ளது. இங்கோ பசுமைப் புரட்சிக்குப் பின் குறுகியகால நெல் இரகங்கள் பரவின. இரக மாற்றத்தால் முந்திய அறுவடையைக் காலநிலை மாற்றத்தின் விளைவாகக் கொள்வது பிழையாகும்.

ஆகவே, அறுவடை நாளைவிட ஆயக்கட்டில் பயிரேறிய பரப்பே இங்குத் தகுந்த அளவுகோலாகும். கிராமக் கணக்கான அடங்கல், புல எண்வாரியாகப் பயிரையும் பரப்பையும் பாசன ஆதாரத்தையும் பசலிதோறும் பதிவு செய்கின்றது. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவதால், ஆவணி விதைப்பும் தை அறுவடையும் ஒரே கணக்கில் அடங்குகின்றன. ஒரே கண்மாயின் மடையடி நிலத்தையும் கடைமடை நிலத்தையும் பல பசலிகளுக்கு ஒப்பிட்டால், நீர் எட்டிய ஆண்டையும் எட்டாத ஆண்டையும் வேறுபடுத்தலாம். வரத்துவாய்க்கால் அடைப்பும் ஆழ்துளைக் கிணற்றுப் பெருக்கமும் இப்பரப்பை மாற்றுமாதலால், மழையளவுப் பதிவுடன் இணைத்தே முடிவு காணல் வேண்டும்.

முடிவுரை

போன் நகரின் கூலிக் கணக்கு காலநிலை ஆய்வுக்காக எழுதப்பட்டதன்று. அது பேணப்பட்டமையால் சான்றாயிற்று. நம் பழைய அடங்கல்களும் அத்தகையனவே. அவை செல்லரிக்குமுன் படியெடுத்துத் தொகுத்தலே இத்துறையில் முதற்பணியாகும்.