பெண்கள் கூடைப்பந்தும் செய்தித்தாளும்



ஓர் ஆட்டம் நடக்கிறது, முடிகிறது, பார்த்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். அதன்பின் அந்த ஆட்டம் எங்கே இருக்கிறது? ஆடியவர் நினைவிலும் பார்த்தவர் பேச்சிலும் சிறிது காலம் இருக்கும். அதற்கு அப்பால், யாரேனும் எழுதி வைத்தால்தான் உண்டு. கல்லூரிப் பெண்கள் ஆடும் கூடைப்பந்தாட்டத்தை உள்ளூர்ச் செய்தித்தாள்கள் எவ்வாறு எழுதுகின்றன, எவ்வாறு எழுதுதல் நலம் என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

கூடைப்பந்து வயதில் இளைய ஆட்டம். 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதனை வகுத்தார். மறு ஆண்டிலேயே, அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தம் மாணவியருக்கு இதைக் கற்பித்தார். ஆகவே பெண்கள் இவ்வாட்டத்திற்குப் பிந்தி வந்தவர்கள் அல்லர்; ஏறத்தாழ தொடக்கம் முதலே ஆடி வருபவர்கள்.

1896-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மாணவியர் சான்பிரான்சிஸ்கோ நகரில் மோதினர். ஸ்டான்ஃபோர்டு 2-1 என்ற கணக்கில் வென்றது. பார்வையாளராக ஆடவர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. ஆகையால் செய்தித்தாள்கள் பெண் நிருபர்களை அனுப்பின. அவர்கள் ஆட்டத்தைக் கண்டு எழுதினர், அச்சேறியது. கதவடைத்து ஆடிய ஓர் ஆட்டத்தின் புள்ளிக் கணக்கை இன்று நாம் சொல்ல முடிவது அந்த எழுத்தின் பயன் அன்றோ?

எழுத்தின் வலிமையை எங்கள் உத்திரமேரூரைக் காட்டிலும் நன்கு உணர்ந்த ஊர் எது? பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை இங்கே கல்லில் பொறித்து வைத்தனர். யார் தகுதியுடையார், யார் தகுதியற்றார், குடத்திலிருந்து ஓலையை எப்படி எடுப்பது என்றெல்லாம் விரிவாக எழுதினர். சோழ நாட்டில் ஊர்ச்சபைகள் பல இருந்தன. ஆயினும் தேர்தல் என்றதும் உலகம் உத்திரமேரூரைச் சுட்டுவதற்குக் காரணம், இங்கே எழுதி வைத்தார்கள் என்பதே.

இனி நம் காலத்து உள்ளூர்ச் செய்திக்கு வருவோம். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது, மாவட்ட அளவிலான போட்டியொன்றில் எங்கள் மாணவியர் கூடைப்பந்தில் வென்றனர். மறுநாள் ஒரு நாளிதழில் மூன்று வரி வந்தது. கோப்பை வழங்கிய பிரமுகரின் பெயர் இருந்தது. அவருடன் மேடையில் இருந்தோர் பெயர்களும் இருந்தன. ஆடிய பெண்களில் ஒருவர் பெயரும் இல்லை. புள்ளிக் கணக்கும் இல்லை. அணியைச் சேர்ந்த ஒரு மாணவி அச்செய்தியைக் கத்தரித்துத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, அதன் கீழே பன்னிருவர் பெயரையும் மையினால் எழுதி வைத்திருந்தாள். நிருபர் விட்டதை அவள் நிறைவு செய்தாள்.

நல்ல செய்தி எப்படி இருக்க வேண்டும்? ஒரு கற்பனை ஆட்டத்தைக் கொள்வோம். முதற் கல்லூரி 58 புள்ளிகள், இரண்டாம் கல்லூரி 55 புள்ளிகள். 'முதற் கல்லூரி வென்றது' என்றால் அது முடிவு மட்டுமே. பத்துப் பத்து நிமிடங்களாக ஆட்டம் நான்கு பகுதிகள் கொண்டது. பாதி ஆட்டத்தில் முதற் கல்லூரி 21-33 எனப் பின்தங்கியிருந்தது. மூன்றாம் பகுதியில் 20 புள்ளிகள் எடுத்து, எதிரணிக்குப் பத்து மட்டுமே கொடுத்தது. இறுதிப் பகுதியில் 17-12 என முந்தியது. இப்படி எழுதினால் ஆட்டம் கண்முன் நிற்கிறது. அந்த மூன்றாம் பகுதியில் என்ன மாறியது என்று வாசகர் கேட்பார். ஒருத்தி தொலைவிலிருந்து மூன்று முறை கூடையில் போட்டு 9 புள்ளிகள் சேர்த்தாளா? எதிரணியின் சிறந்த ஆட்டக்காரி ஐந்தாவது தவறு புரிந்து வெளியேறினாளா? அதைச் சொல்வதே நிருபரின் கடமை.

இவ்விவரங்களில் பெரும்பகுதி ஆட்ட மேசையில் உள்ள புள்ளித்தாளிலேயே கிடைக்கும். எந்த எண்ணுடைய ஆட்டக்காரி எத்தனை புள்ளி பெற்றாள், எத்தனை தவறு செய்தாள் என்பது அதில் உண்டு. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதை ரீபவுண்டு என்பர். அது அத்தாளில் இராது. நிருபரே எண்ண வேண்டும். எண்ணுவதற்கு, அவர் பரிசளிப்பு வேளைக்கு வராமல் ஆட்டத் தொடக்கத்திற்கே வர வேண்டும்!

'மகளிர் ஆட்டத்தைப் படிப்பவர் யார்? ஆதலால் இடம் தருவதில்லை' என்பது பத்திரிகைகள் சொல்லும் மறுமொழி. இதைச் சற்று ஆராய்வோம். செய்தி வராவிடில் ஆட்டம் நடப்பதே தெரியாது. தெரியாவிடில் பார்க்க வருவார் இல்லை. பார்ப்பவர் இல்லையெனில் ஆதரிப்பவரும் இல்லை. ஆதரவற்ற ஆட்டத்திற்குச் செய்தி ஏது? காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் வட்டம் இது.

அமெரிக்க ஆய்வாளர் சிலர் லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தொலைக்காட்சி நிலையங்களின் விளையாட்டுச் செய்திகளை 1989 முதல் காலந்தோறும் அளந்து வந்தனர். 1989-இல் பெண்கள் ஆட்டத்திற்குக் கிடைத்த நேரம் 5 விழுக்காடு. முப்பது ஆண்டுகளுக்குப்பின், 2019-இலும், அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். இதற்கிடையே ஆடும் பெண்கள் பன்மடங்கு பெருகியிருந்தனர். செய்தி மட்டும் பெருகவில்லை.

ஆனால் வட்டம் உடையக் கூடியதே. அந்நாட்டுக் கல்லூரி மகளிர் இறுதியாட்டத்தை 2024 ஏப்ரலில் 1 கோடியே 80 லட்சத்திற்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் கண்டனர். ஆடவர் இறுதியாட்டத்தைக் கண்டோர் ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம். மகளிர் ஆட்டம் முந்தியது அதுவே முதன்முறை. காட்டினால் காண்பார் உளர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நம் நாட்டிலும் எழுதத்தக்கவை இல்லாமல் இல்லை. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்திய மகளிர் கஜகஸ்தானை 75-73 என வென்று முதற் பிரிவுக்கு உயர்ந்தனர். இந்திய அணியின் தலைவியாக விளங்கிய தமிழகத்து அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அன்று பலர் 'யார் இவர்?' என்று கேட்டனர். பல்லாண்டு நாட்டுக்காக ஆடிய ஒருவரைப் பற்றி அக்கேள்வி எழுந்ததென்றால், குறை அவர் ஆட்டத்தில் இல்லை. நம் ஏடுகளில் உள்ளது.

ஒரு சிற்றூர்த் தகப்பனார் மகளை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பத் தயங்குகிறார். அவளைப் போன்ற ஒருத்தியின் பெயரையும், அவள் எடுத்த புள்ளிகளையும் அவர் காலையில் செய்தித்தாளில் படித்தால், அத்தயக்கம் சற்றேனும் குறையும். மூன்று வரியா முப்பது வரியா என்பதில் ஒரு பெண்ணின் எதிர்காலம் அடங்கியிருக்கலாம்.

மாணவர்களே, பத்திரிகை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கல்லூரி மலரும் சுவரொட்டி ஏடும் உங்கள் கையில் உள்ளன. அடுத்த ஆட்டத்திற்கு ஒரு பென்சிலும் தாளும் எடுத்துச் செல்லுங்கள். ஆட்டக்காரியின் உடையையும் தோற்றத்தையும் வருணிக்க வேண்டாம், ஆட்டத்தை எழுதுங்கள். பெயரைப் பிழையின்றி, முதலெழுத்துடன் எழுதுங்கள். நான்கு பகுதிகளின் கணக்கையும் குறியுங்கள். தோற்ற அணியில் நன்கு ஆடியவரையும் விட்டுவிடாதீர்கள். எழுதியதில் ஒரு படியை உள்ளூர் நிருபருக்கும் கொடுங்கள். விவரம் முழுமையாகக் கைக்கு வந்தபின், இடமில்லை என்று மறுப்பது அவருக்கும் எளிதாக இராது.