கோட்டை மதிலின் கண்கள்

கோட்டை என்றதும் மதிலின் உயரத்தையும் கனத்தையுமே நாம் எண்ணுகிறோம். ஆயினும், எத்துணை உயர்ந்த மதிலும் தன் அடிவாரத்தைத் தானே காணமாட்டாது என்பது அதன் பிறவிக் குறை. மேலே நிற்கும் வீரன் அடிவாரத்தைப் பார்க்க உடலை வெளியே நீட்டிக் குனிந்தால், அக்கணமே அம்புக்கு இலக்காவான். இக்குறையைப் போக்க மத்திய கால ஐரோப்பியச் சிற்பிகள் கண்ட உபாயமே, மதிலின் மூலையில், தரையைத் தொடாது வெளியே தொங்கும் சிறு காவற்கூண்டு.

நம் கோயில் தூண்களின் தலையில் நீண்டு நிற்கும் போதிகையைப் போல, இக்கூண்டின் அடியில் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைக் கடந்து சிறிதே வெளியே நீளும். கல்லின் பின்பாதி மதிலுக்குள் புதைந்து, மேற்சுவரின் பாரத்தால் அழுந்திக் கிடப்பதால், முன்பாதி கூண்டைச் சுமந்தும் சரிவதில்லை. உள்ளே ஓரிருவர் நிற்கவே இடமுண்டு. எனினும், குறுகிய துவாரங்களின் வழியே மூலையின் இருபுறத்து மதில்களையும் நெடுக நோக்கலாம். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிஸ்பனில் எழுந்த பெலேம் கோபுரத்தில் இத்தகைய கூண்டுகளைக் குவிமாடங்களோடு காணலாம். மால்டாவின் செங்லியாவிலோ, கூண்டின் சுவரில் கண்ணும் காதும் செதுக்கி, அதன் தர்மத்தையே சிற்பமாக்கியிருக்கிறார்கள்.

பீரங்கி பெருகியபின் மெல்லிய கூண்டு குண்டுக்குத் தாங்கவில்லை. இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தித் தடிப்பாக்கி, மூலைதோறும் கூர்முனைக் கொத்தளங்களை நிறுவினார்கள். பழைய கோட்டைகளின் வட்டக் கோபுரத்தின் முன்னே காவலர் கண்ணுக்குத் தப்பும் நிலம் சிறிது உண்டு. கூர்முனைக் கொத்தளத்தின் இரு முகங்களோ, அண்டைக் கொத்தளங்களிலிருந்து முழுதும் தெரியும். இவ்வாறு கூண்டின் பெரும்பணியைக் கொத்தளம் ஏற்றுக்கொள்ள, கூண்டு அதன் முனையில் காவலாளுக்கு வெயிலும் மழையும் மறைக்கும் சிற்றறையாக எஞ்சியது.

நமது பினாங்கு ஜார்ஜ் டவுனின் கார்ன்வாலிஸ் கோட்டை இந்தக் கொத்தள மரபைச் சேர்ந்தது. 1786-இல் ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் நிபோங் மரத்தண்டுகளை நட்டு அமைத்த அரணுக்குப் பதிலாக, 1804 முதல் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த இதன் மதில் ஏறக்குறைய 10 அடி உயரமே. நட்சத்திர வடிவில் மூலைகள் வெளியே நீண்டிருப்பதே இதன் சூட்சுமம். யுத்தம் எதையும் காணாத கோட்டையாயினும், கற்பதற்கு இதில் பொருள் உண்டு. பிள்ளைகளை இங்கே அழைத்துவரும் ஆசிரியர்கள், இங்குள்ள ஸ்ரீ ரம்பாய் என்னும் பீரங்கியைக் காட்டுவதோடு நில்லாமல், ஒரு கொத்தளத்தின் ஓரத்தில் அவர்களை நிறுத்தி, மதிலை ஒட்டியே பார்வையை ஓடவிடச் செய்வார்களாயின், க்ஷேத்திர கணிதம் உயிர் காக்கும் வித்தையானதையும், இக்கோட்டையைக் கட்டித் தந்த நம்மவர் கைகளின் அருமையையும் அவர்கள் ஒருங்கே உணர்வார்கள்.