வேலியில் படரும் மருந்து: தூதுவளை

கத்தரி, தக்காளி, மிளகாய் எனச் சமையலறையை நிரப்பும் காய்களோடு ஊமத்தை, புகையிலை ஆகிய நச்சுச் செடிகளையும் தன்னுள் கொண்ட கத்தரிக் குடும்பத்தில், உணவுக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கும் கொடி தூதுவளை. தூதுளை, சிங்கவல்லி என்றும் வழங்கும் இதற்கு, 1753-இல் லின்னேயஸ் சூட்டிய 'சொலானம் டிரைலோபேட்டம்' என்ற பெயரின் பிற்பகுதி, மூன்று மடல்களாகப் பிளவுபட்ட இலையைக் குறிப்பது.

பாகற்கொடிக்கு உள்ளதுபோன்ற பற்றுக்கம்பி தூதுவளைக்கு இல்லை. தண்டிலும் இலைக்காம்பிலும் இலையின் அடிப்புற நரம்பிலும் உள்ள வளைந்த முட்களே கொக்கிகளாகி அதை வேலியில் ஏற்றிவிடுகின்றன. ஊதாப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தப்பைகள் துருத்தி நிற்க, உருண்டைக் காய்கள் பழுத்துச் சிவக்கின்றன. இலையைக் கறிக்கு எடுப்பவர், நரம்போடு ஒட்டிய முட்களை ஒவ்வொன்றாக ஆய்ந்து நீக்கிய பின்னரே நெய்யில் வதக்கித் துவையலாக அரைப்பர். மிளகும் சீரகமும் சேர்த்து ரசம் வைப்பதும் உண்டு.

சித்த மருத்துவம் இதனைக் கோழையகற்றி, அதாவது நெஞ்சில் கட்டிய சளியை வெளியேற்றும் மருந்து, என வகைப்படுத்தி, இருமலுக்கும் இரைப்புக்கும் சூரணமாகவும், நெய்யாகவும், லேகியமாகவும் தருகிறது. கரிசலாங்கண்ணியோடு தூதுவளையையும் அன்றாட உணவில் சேர்க்குமாறு வள்ளலார் வலியுறுத்தியதால், சன்மார்க்க அன்பர்களிடையே இதற்குத் தனி மதிப்பு உண்டு.

இலையில் சொலசோடின் முதலிய வேதிப்பொருள்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஆஸ்துமா நோயாளிகளிடம் 300 மில்லிகிராம் தூதுவளைப் பொடியை ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பார்த்து 1999-இல் வெளியான முன்னோட்ட ஆய்வு ஒன்று, மூச்சுத்திறன் மேம்பட்டதைப் பதிவுசெய்தது; ஆயினும் அம்மேம்பாடு வழக்கமான ஆஸ்துமா மாத்திரைகள் தந்ததைவிடக் குறைவே என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. விளம்பரங்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. மூச்சுத்திணறலுக்கு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு இப்பொடியை நம்புவது ஆபத்தானது. சளி பிடித்த நாளில் ரசமாக உண்பது வேறு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த, இருமலுக்கே பயன்படும் கண்டங்கத்திரியோடு இதனைக் குழப்பிக்கொள்வோரும் உளர். கண்டங்கத்திரி தரையோடு படிந்து பரவும், அதன் முட்கள் வளையாமல் ஊசிபோல் நீண்டிருக்கும், பழமோ மஞ்சள். பச்சைக்கொடியில் எளிதில் தெரியும் இவ்வேறுபாடு, உலர்த்தி இடித்துப் பொட்டலமிட்ட பொடியில் கண்ணுக்குத் தெரிவதில்லை.