பழைய கடனுக்கு வசூல் அழைப்பா? முதலில் எழுத்தில் கேளுங்கள்

கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் ஆகியவற்றில் நெடுநாள் நிலுவையாகக் கிடக்கும் தொகையை வங்கிகள் வசூல் முகமைகளிடம் ஒப்படைக்கின்றன. சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்பதும் உண்டு. கணக்கு கைமாறும்போது ஒரே பெயருள்ள வேறொருவர் சிக்கலாம், கட்டி முடித்த தொகை பதிவாகாமல் போகலாம். ஆகவே கேட்கப்படும் தொகை உண்மையில் தரவேண்டியதுதானா என்று உறுதிசெய்யும் வரை பணம் கட்டுவதோ கையெழுத்திடுவதோ கூடாது.

சரிபார்க்கும் முறை

எந்த முகமையிடம் கணக்கு தரப்பட்டது என்பதை வங்கி கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். நேரில் வரும் முகவரிடம் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும். இவை ரிசர்வ் வங்கியின் விதிகள். தொலைபேசியில் ஆதார் எண்ணோ ஓடிபியோ சொல்லாமல், வங்கிக்கே மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புவது பாதுகாப்பானது. கடன் ஒப்பந்தத்தின் நகல், கணக்கு அறிக்கை, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, வட்டி மற்றும் அபராத விவரம் ஆகியவற்றைக் கேட்க வேண்டும். கடன் விற்கப்பட்டிருந்தால் அதற்கான உரிமை மாற்ற ஆவணமும் தேவை. விவரம் கேட்பது கடனை ஒப்புக்கொள்வதாகாது என்று கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. அதில் தவறான கடன் இருந்தால் திருத்தக் கோரலாம். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு பெற உரிமை உண்டு.

3 ஆண்டுக் கெடு

புரோநோட்டு 3 ஆண்டில் காலாவதியாகும் என்று ஊரில் சொல்வதற்கு அடிப்படை 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். ஈடு இல்லாத கடனுக்கும் பொதுவாக இதே கெடுதான். கெடு கடந்தபின் தொடுக்கும் வழக்கை, எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டாவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும். ஆனால் கடன் அழிந்துவிடாது. நீதிமன்றம் வழியாக வசூலிக்கும் பாதைதான் அடைபடுகிறது.

கெடுவுக்குள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், ஒரு பகுதியைக் கட்டி அது எழுத்தில் பதிவானாலும் 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். கெடு முடிந்த கடனையும் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்த வாக்குறுதி செல்லும். ‘இப்போதைக்கு ஆயிரம் ரூபாய் போடுங்கள்’, ‘இதில் ஒரு கையெழுத்து’ என்ற வற்புறுத்தலுக்கு இணங்கக் கூடாது என்பது இதனால்தான்.

நாட்களை எண்ணும்போது, கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றம் விலக்களித்த 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கழிக்க வேண்டும். அடமானக் கடனுக்கும், ஏற்கெனவே தீர்ப்பாகிவிட்ட கடனை நிறைவேற்றுவதற்கும் கெடு 12 ஆண்டு. நீதிமன்றச் சம்மன் வந்தால் கடன் எவ்வளவு பழையதானாலும் ஆஜராக வேண்டும். இல்லையெனில் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

மிரட்டினால்

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. வசைபாடுவது, பலர் முன் அவமானப்படுத்துவது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வது ஆகியவையும் தடைசெய்யப்பட்டவை. முகவரின் செயலுக்கு வங்கியே பொறுப்பு. கடன் கட்டாததற்காக மட்டும் போலீஸ் கைது செய்ய முடியாது. காசோலை திரும்பிய வழக்கும் மோசடி வழக்கும் வேறு. அழைப்புப் பதிவுகளுடன் முதலில் வங்கியிடம் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். உதவி எண் 14448. வன்முறை, மிரட்டல் என்றால் காவல் நிலையத்திலும், போலி அழைப்பால் பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணிலும் உடனே புகார் அளிக்கலாம்.

கடன் உண்மையானால்

சரிபார்த்தபின் கடன் உண்மை என்று தெரிந்தால் வங்கியுடனோ, கடனை வாங்கிய நிறுவனத்துடனோ நேரடியாகப் பேசித் தீர்க்கலாம். தள்ளுபடி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கடிதமாகப் பெற்ற பிறகே, அதுவும் நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே, பணம் செலுத்த வேண்டும். முகவரின் சொந்தக் கணக்கில் கூடாது. நிலுவை இல்லை என்ற சான்றைக் கையில் வாங்கி, கடன் அறிக்கையிலும் அது பதிவாகிவிட்டதா என்று பார்த்தால் கணக்கு முறையாக முடிந்தது.