ஆண் எலியின் மூளையைச் செதுக்கும் ‘பெண் ஹார்மோன்’... ஆச்சர்யமூட்டும் ஆய்வுகள்!

‘ஆம்பளை மூளை வேற, பொம்பளை மூளை வேற!’ எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது காதில் விழும் வசனம் இது. நிஜமாகவே அப்படித்தானா?

1959-ல், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபீனிக்ஸ் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். கருவுற்ற கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்ததும், இணை சேரும் விஷயத்தில் ஆண்களைப்போல நடந்துகொண்டன. வளர்ந்த விலங்குக்கு அதே ஊசியைப் போட்டபோது நிரந்தர மாற்றம் எதுவும் இல்லை. ஹார்மோன் எவ்வளவு என்பதைவிட, எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம் என்று புரிந்தது.

1978-ல் ரோஜர் கோர்ஸ்கி குழுவினர், எலியின் ஹைபோதலாமஸ் பகுதியில் ஒரு சிறு நரம்புக் கொத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆண் எலியில் அது பல மடங்கு பெரிது. பெண் குட்டிகளில் பிறந்த சில நாள்களிலேயே அந்த இடத்து செல்கள் அதிகமாக இறந்துவிடுகின்றன. ஆண் குட்டிகளில் ஹார்மோன் அவற்றைக் காப்பாற்றுகிறது.

எந்த ஹார்மோன்? இங்கேதான் ட்விஸ்ட். ஆண் குட்டியின் விந்தகத்திலிருந்து கிளம்பும் டெஸ்டோஸ்டிரோன், மூளைக்குள் போனதும் அரோமடேஸ் என்ற என்சைமால் எஸ்ட்ரடியோலாக மாறுகிறது. ஆம், ‘பெண் ஹார்மோன்’ என்று நாம் சொல்லும் ஈஸ்ட்ரோஜன் வகைதான்! அப்படியென்றால், தாயின் ஈஸ்ட்ரோஜன் பெண் குட்டியின் மூளையையும் மாற்றிவிடாதா? மாற்றாது. குட்டியின் ரத்தத்தில் இருக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன், அதைப் பிடித்துவைத்துக்கொண்டு மூளைக்குள் விடாமல் தடுக்கிறது.

எலிக்குச் சரி, மனிதர்களுக்கு? நமக்கு எஸ்ட்ரடியோலைவிட டெஸ்டோஸ்டிரோனே நேரடியாக வேலை செய்வதாகத் தெரிகிறது. எனவே எலிக் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட முடியாது.

ஹார்மோன் மட்டும்தான் எல்லாமா என்றால், அதுவும் இல்லை. தாய் எலி, ஆண் குட்டிகளைத்தான் அதிகமாக நக்கிக்கொடுக்கிறது. வாசனையை வைத்து அவற்றை அடையாளம் கண்டுகொள்கிறது. இந்த நக்கல் குறைந்தால், ஆண் குட்டி வளர்ந்த பிறகு இணை சேரும் விதமே மாறுவதை செலியா மூர் காட்டினார். வளர்ப்பும் நரம்புக்குள் புகுந்துவிடுகிறது!

மனித மூளையில், சராசரியாக ஆண்களுக்கு அளவு சுமார் 10 சதவிகிதம் பெரிது. உடம்பும் பெரிதுதானே? அதை வைத்து அறிவை அளக்க முடியாது. 2015-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழுவினர் 1,400-க்கும் மேற்பட்ட மூளை ஸ்கேன்களை அலசினார்கள். முழுக்க ‘ஆண்’ பக்கமோ, முழுக்க ‘பெண்’ பக்கமோ சாய்ந்த மூளைகள் மிகக் குறைவு. பெரும்பாலானவை கலவைதான். ‘மொசைக்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வேறு சில விஞ்ஞானிகள் இதை ஏற்கவில்லை. எல்லா அம்சங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஸ்கேனை வைத்தே ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் வாதம்.

இது வெறும் ஆய்வக விவாதம் இல்லை. ஆட்டிசம் ஆண் குழந்தைகளிடமும், மனஅழுத்த நோய் பெண்களிடமும் அதிகம் கண்டறியப்படுகின்றன. ஆனால், மூளை ஆய்வுகளில் நீண்டகாலமாக ஆண் விலங்குகளையே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். ‘பெண் விலங்குகளின் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்பும்’ என்பது அதற்குச் சொன்ன காரணம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2016-ல்தான், தன்னிடம் நிதி கேட்பவர்கள் இரு பாலினத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது.