குறைமாதக் குழந்தையின் முதல் மூச்சு

உயிருக்கும் மூச்சுக்கும் இடையே தமிழ் வழக்கு பெரும் வேறுபாடு காண்பதில்லை. மூச்சு நின்றது என்றால் உயிர் பிரிந்தது என்றே நாம் பொருள் கொள்கிறோம். பிறந்த குழந்தை வீறிட்டு அழும் ஒலியைக் கேட்ட பின்னரே பிரசவ அறைக்கு வெளியே நிற்போரின் நெஞ்சம் அமைதியுறும். நுரையீரலில் முதன்முதலாகக் காற்றுப் புகுந்தமைக்கு அவ்வழுகையே சான்று. அச்சான்றினை எளிதில் அளிக்க இயலாமல் பிறக்கும் குழந்தைகளும் உளர். கருக்காலம் 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்போரைக் குறைமாதக் குழந்தைகள் என்பர். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதாவது, பத்துக் குழந்தைகளுள் ஒன்று.

இக்குழந்தைகளின் மூச்சைக் காக்க மருத்துவ அறிவியல் மேற்கொண்ட முயற்சிகளையும், அம்முயற்சிகளில் அவசரமும் தாமதமும் விளைவித்த இழப்புகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

நுரையீரலின் இயல்பு

நுரையீரல் கோடிக்கணக்கான நுண்ணறைகளால் ஆயது. ஒவ்வோர் அறையின் உட்சுவரும் மெல்லிய நீர்ப்படலத்தால் ஈரமாக்கப்பட்டுள்ளது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை நாம் அறிவோம். நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள முயலும் இவ்வியல்பைப் பரப்பு இழுவிசை எனப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இதே விசை நுண்ணறைகளையும் சுருங்கச் செய்யும். இதனைத் தடுக்க, நுரையீரலே கொழுப்புத் தன்மையுடைய ஒரு பொருளைச் சுரந்து நீர்ப்படலத்தின்மேல் பரப்புகிறது. 'சர்ஃபாக்டன்ட்' எனப்படும் அப்பொருள் இழுவிசையைக் குறைப்பதனால், மூச்சை வெளிவிட்ட பின்னும் நுண்ணறைகள் முற்றிலும் ஒடுங்காமல் நிற்கின்றன.

இப்பொருள் கருவின் நுரையீரலில் ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் தோன்றத் தொடங்கி, 35ஆம் வாரத்தை ஒட்டியே போதிய அளவினை எய்துகிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சும் முதல் மூச்சைப் போன்றே கடினமானது. புதிய பலூனை முதன்முறை ஊதும்போது நாம் படும் பாட்டை அக்குழந்தை நிமிடத்திற்கு அறுபது முறைக்கு மேல் படுகிறது. விலா எலும்புகளின் இடையே சதை உள்வாங்கும், மூக்கு விடைக்கும், முனகல் எழும், உடல் நீலம் பாரிக்கும். இறுதியில் குழந்தை களைத்துப் போகும்.

அவசரத்தின் விலை

மூச்சுத்திணறலின் காரணம் தெளிவாக அறியப்படாத 1940களில், மருத்துவர்கள் கைக்கெட்டிய மருந்தாகிய பிராணவாயுவை வரையறையின்றி வழங்கினர். பிழைத்த குழந்தைகள் பலர் பார்வையை இழந்தனர். இக்கண்நோயை 1942இல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் டெர்ரி விவரித்தார். மிகுதியான பிராணவாயுவே காரணமாகலாம் என்று 1951இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேட் கேம்ப்பெல் சுட்டினார். 1953இல் அமெரிக்க மருத்துவமனைகள் பல இணைந்து தொடங்கிய ஒப்பீட்டாய்வு அதனை உறுதி செய்தது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்துவிட்டனர் என்பர்.

பின்னர் பிராணவாயுவைக் கடுமையாகக் குறைத்தனர். அப்போது மூச்சுத்திணறலால் மாண்ட குழந்தைகளின் தொகை மிகுந்தது எனப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயலாயினும், சோதித்தறியாது செய்தமையால் நேர்ந்த கேடு இது.

காரணம் புலப்படல்

நுரையீரலில் காற்றுக்கு மாறாக நீர்மத்தை நிரப்பினால் அது குறைந்த அழுத்தத்திலேயே விரிவதை 1929இலேயே வான் நீர்கார்ட் என்னும் அறிஞர் கண்டு, பரப்பு இழுவிசையின் பங்கினை எழுதியிருந்தார். கால் நூற்றாண்டுக் காலம் அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1955இல் இங்கிலாந்தின் பேட்டில், நுரையீரலிலிருந்து வரும் நுரைக்குமிழிகள் உடையாமல் நெடுநேரம் நிற்பதைக் கண்டார். 1957இல் அமெரிக்காவின் கிளமென்ட்ஸ், நுரையீரல் சாற்றின் இழுவிசையை அளந்து காட்டினார். 1959இல் மேரி எல்லன் ஏவரி என்னும் பெண் மருத்துவர் மீட் என்பாருடன் இணைந்து, மூச்சுத்திணறலால் இறந்த குழந்தைகளின் நுரையீரலில் அப்பொருள் குறைந்திருந்ததை மெய்ப்பித்தார்.

காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்ட் 7ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடிக்கு ஐந்தரை வாரங்கள் முன்னதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எடை ஏறத்தாழ 2 கிலோ 100 கிராம். மிகுந்த அழுத்தத்தில் பிராணவாயு செலுத்தும் அறையிலும் வைத்துப் பார்த்தனர். 39 மணி நேரம் வாழ்ந்து அக்குழந்தை இறந்தது. அதே எடையில் இன்று பிறக்கும் குழந்தை, உரிய வசதிகளுள்ள மருத்துவமனையில் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

ஆட்டுக்குட்டி காட்டிய வழி

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ் என்னும் மகப்பேற்று மருத்துவர், பிரசவ வலி தொடங்குவதன் காரணத்தை ஆடுகளில் ஆராய்ந்து கொண்டிருந்தார். கருவிலேயே ஸ்டீராய்டு வகைப் பொருள் செலுத்தப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த குட்டியொன்று, பிழைக்க இயலாத பருவத்திலும் மூச்சுவிட்டது. அதன் நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. அம்மருந்து நுரையீரலை முன்னதாகவே பக்குவப்படுத்துகிறது என அவர் உய்த்துணர்ந்து 1969இல் வெளியிட்டார்.

பின்னர்க் குழந்தை மருத்துவர் ஹோவியுடன் இணைந்து, குறைமாதப் பேற்றை எதிர்நோக்கிய 282 தாய்மாரிடம் ஒப்பீட்டாய்வு நடத்தி, 1972இல் முடிவை அறிவித்தார். எதிர்பாராது முன்னதாகப் பிரசவ வலி கண்டவர்களுள், மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேர்க்கே மூச்சுத்திணறல் நேர்ந்தது. மருந்து பெறாதோரில் அது ஏறத்தாழ 26. தொடக்க நாள்களின் இறப்பு 15 விழுக்காட்டிலிருந்து 3.2 விழுக்காடாகக் குறைந்தது. தாய்க்கு இடும் சில ஊசிகளால், அதுவும் விலை குறைந்த மருந்தால், கிட்டிய பயன் இது.

தாமதத்தின் விலை

இத்தகைய மருந்து உடனே பரவியிருக்கும் என நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. தொற்று நேருமோ, பிற்காலத்தில் கேடு விளையுமோ என மருத்துவர் பலர் அஞ்சினர். தொடர்ந்து வந்த ஆய்வுகள் சிறியனவாதலின் தனித்தனியே தெளிவான விடை தரவில்லை. அவற்றை ஒன்றாகத் தொகுத்து நோக்கியபோதுதான் உண்மை ஐயமறத் தோன்றியது. 1994இல்தான் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு இம்மருந்தைப் பரவலாகப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. இடைப்பட்ட காலம் 22 ஆண்டுகள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுதற்கென 1993இல் உருவான காக்ரேன் அமைப்பு, இவ்வாய்வுகளின் வரைபடத்தையே தன் இலச்சினையாகக் கொண்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இதற்கிடையே வேறு வழிகளும் பிறந்தன. நுண்ணறைகள் ஒடுங்காதவாறு இடைவிடாத காற்றழுத்தம் தரும் முறையை 1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிரகரி அறிமுகப்படுத்தினார். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து ஆயத்தம் செய்த பொருளைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரே செலுத்தி நற்பயன் கண்டார்.

நம் நாட்டிற்குரிய பாடம்

செல்வ நாடுகளில் பயன்தந்த முறை வசதி குறைந்த இடங்களிலும் அவ்வாறே பயன்தரும் எனக் கொள்ளல் ஆகாது. இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் ஊர்ப்புறங்களில் ஸ்டீராய்டு ஊசியைப் பரவலாக்கிப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்த நன்மையைக் காட்டவில்லை. தொற்று மிகும் அறிகுறியையே காட்டியது. ஆகவே, கருக்காலத்தைச் சரியாகக் கணித்து, குழந்தையைப் பேணும் வசதியும் உள்ள மருத்துவமனைகளில் மீண்டும் சோதித்தனர். இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2020இல் வெளியான அவ்வாய்வில், குழந்தை இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6ஆகக் குறைந்தது. ஊசி ஒன்றே, இட்ட இடமும் உடன் கிட்டிய பேணலும் பயனை வேறுபடுத்தின.

அன்னையின் மார்போடு குழந்தையை அணைத்து வைத்துப் பேணும் கங்காரு முறை, 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தோன்றியது. குழந்தையின் நிலை சீரான பின்னரே இதனைத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். பிறந்தவுடனே தொடங்கினால் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைகிறது என, இந்தியாவும் பங்கேற்ற ஆய்வு 2021இல் நிறுவியது. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் இதனைப் பரிந்துரைத்தது.

மாணவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் இவற்றிலிருந்து கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஊசி முழுப் பயன் தர ஏறத்தாழ ஒரு நாள் தேவை. மாதம் நிறையாமல் வலியோ நீர்க்கசிவோ தோன்றும்போது, விடியட்டும் பார்க்கலாம் என வீட்டில் காத்திருப்பதால் இழக்கப்படுவது அந்த ஒரு நாளே. மருத்துவ உலகம் 22 ஆண்டுகள் தயங்கியது. அத்தாமதத்தை நாம் மாற்ற இயலாது. நம் வீட்டு வாயிலில் நேரும் தாமதத்தையேனும் நாம் மாற்றலாம்.